ஃப்ளூ ஊசி பற்றி நோயாளியிடம் பேசுவது எப்படி? ஓபிக்குப் புதிதாக வரும் நர்ஸ்களுக்கு

சர்க்கரை நோய் ஓபியில் பிபி பார்க்கிற மேசைக்கு ஒரு நாளில் அறுபது, எழுபது பேர் வந்து போவார்கள். ஆளுக்கு மூன்று நிமிடம் கிடைத்தால் அன்றைக்குக் கூட்டம் குறைவு என்று அர்த்தம். உள்ளே டாக்டர் சீட்டின் அடியில் 'ஃப்ளூ வேக்சின்' என்று ஒரு வரி கிறுக்கி அனுப்பிவிடுவார். வெளியே வந்த நோயாளி அந்தச் சீட்டை உங்கள் முன்னால் நீட்டி, "இது என்ன ஊசி சிஸ்டர், கட்டாயம் போடணுமா?" என்பார். அந்த இடத்தில் என்ன பேசுவது, எங்கே நிறுத்துவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் நான் சொன்ன பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். அதை நீங்கள் சொல்லாதீர்கள். ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர், எழுபது வயது, பதினைந்து வருஷச் சர்க்கரை. "வேண்டாம்மா" என்றார். நான் விடவில்லை. "இந்த வயசுல சுகரையும் வச்சுக்கிட்டு ஊசி வேணாம்ங்கிறீங்களே ஐயா, நாளைக்கு வென்டிலேட்டர்ல படுத்தா யாரு பார்க்கிறது?" என்று கேட்டேன். பின்னால் வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும். அவர் ஒன்றும் சொல்லாமல் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். அடுத்த ரிவ்யூவுக்கு வரவில்லை. அதற்கடுத்ததற்கும் வரவில்லை. கடைசியில் அவர் மனைவி மாத்திரை வாங்க வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. "அந்தப் பொண்ணு திட்டும்னு வரமாட்டேங்கிறார்." ஊசியோடு நிற்கவில்லை, சர்க்கரைக்கு வருவதையே நிறுத்திவிட்டார். எல்லாம் என் ஒரு வாய்ப் பேச்சால்.

பேசுவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

நம் ஊரில் மூக்கு ஒழுகினாலும் 'சளிக் காய்ச்சல்', மூன்று நாள் படுக்கையில் போட்டாலும் 'வைரல் ஃபீவர்'தான். ஃப்ளூ என்ற பெயர் பலருக்குப் பிடிபடாது. ஆனால் 'பன்றிக் காய்ச்சல்' என்றால் எல்லோருக்கும் தெரியும். 2009இல் உலகம் முழுக்கப் பரவிய அந்த எச்1என்1 வைரஸ் இப்போது வருஷா வருஷம் வந்து போகிற சாதாரண ஃப்ளூ வகைகளில் ஒன்றாகிவிட்டது. அதுவும் இந்த ஊசியில் சேர்ந்திருக்கிறது. கூடவே எச்3என்2, பி விக்டோரியா. முன்பு பி யமகட்டா என்று நான்காவதும் இருந்தது. 2020 மார்ச்சுக்குப் பிறகு அது எங்கும் பரவுவதாகத் தெரியவில்லை, அதனால் நான்கு வகை ஊசிகள் மூன்று வகையாக மாறி வருகின்றன. அட்டைப்பெட்டியை வரி விடாமல் படிக்கிற நோயாளி ஒருவராவது "போன வருஷம் நாலு இருந்துச்சு, இப்ப ஏன் மூணு?" என்று கேட்பார். பதில் தெரிந்திருந்தால் அவருக்கு உங்கள் மேல் நம்பிக்கை வரும்.

ஏன் வருஷா வருஷம்? வைரஸ் உருமாறிக்கொண்டே இருக்கிறது, போட்ட ஊசியின் பலமும் மாதங்கள் போகப் போகக் குறைகிறது. எந்த வகைகளைச் சேர்ப்பது என்று உலக சுகாதார நிறுவனம் வருஷத்துக்கு இரண்டு முறை சொல்கிறது. பிப்ரவரியில் சொல்வது வட அரைக்கோளத்துக்கு, செப்டம்பரில் சொல்வது தென் அரைக்கோளத்துக்கு. நம் நாட்டில் இரண்டு வகையும் விற்பனைக்கு வரும். ஆகவே ஃப்ரிட்ஜைத் திறக்கும்போது காலாவதித் தேதியோடு எந்தப் பருவத்துக்கான ஊசி என்பதையும் பாருங்கள். தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் ஃப்ளூ ஏறும். ஊசி வேலை செய்யத் தொடங்க இரண்டு வாரம் ஆகும். அதனால் ஆவணி, புரட்டாசியில் போட்டால் நல்லது. தீபாவளிக்கு அப்புறம் வந்தாலும் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை.

யாருக்கு அவசியம் அதிகம் என்பது பாடத்தில் படித்ததுதான்: வயதானவர்கள், கர்ப்பிணிகள், சர்க்கரை, இருதயம், நுரையீரல், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், சின்னக் குழந்தைகள், அப்புறம் நாம். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு இந்த ஊசி கிடையாது. முன்பு இதே ஊசிக்கோ அதில் உள்ள பொருளுக்கோ கடுமையான அலர்ஜி வந்தவருக்குப் போடக் கூடாது. முன்பு போட்டு ஆறு வாரத்துக்குள் கை கால் செயலிழக்கிற குய்லான் பாரே வந்திருந்தால் டாக்டரிடம் கேட்காமல் தொடாதீர்கள். இன்றைக்கு நல்ல காய்ச்சல் என்றால் தள்ளிப் போடலாம். வெறும் ஜலதோஷத்துக்குத் தள்ளிப் போட வேண்டாம்.

இன்னொன்று, விலை. இது அரசின் இலவசத் தடுப்பூசி அட்டவணையில் இல்லை. தனியாரில் ஒரு ஊசி பெரும்பாலும் ஆயிரம் ரூபாயைத் தாண்டும். எவ்வளவு என்று காலையிலேயே ஃபார்மசியில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் பேசி முடித்த பிறகு பில் கவுண்டரில் போய் அதிர்ச்சி அடைகிற நோயாளி, அடுத்த முறை நீங்கள் சொல்கிற எதையும் வியாபாரமாகத்தான் பார்ப்பார்.

"நீங்க போட்டீங்களா சிஸ்டர்?"

இந்தக் கேள்வி நிச்சயம் வரும். போட்டிருந்தால் "போட்டேன், ரெண்டு நாள் கை வலிச்சுது" என்று உள்ளதைச் சொல்லுங்கள். போடவில்லை என்றால் போட்டதாகச் சொல்லாதீர்கள். சின்ன ஆஸ்பத்திரியில் யார் போட்டார், யார் போடவில்லை என்பது காண்டீன்காரர் வரைக்கும் தெரியும். "இன்னும் போடலை, என் சந்தேகத்தை டாக்டர்கிட்ட கேட்டிருக்கேன்" என்றுகூடச் சொல்லலாம், அது உண்மையாக இருந்தால்.

கேள்வியில் தொடங்குங்கள்

பிபி பட்டையைக் கையில் சுற்றும்போதே பேச்சைத் தொடங்காதீர்கள், அளவு ஏறிவிடும். அளந்து, எழுதி, பட்டையைக் கழற்றிய பிறகு உட்கார்ந்த வாக்கில் கேளுங்கள்:

"டாக்டர் ஃப்ளூ ஊசி எழுதியிருக்கார்ம்மா. இதப் பத்தி முன்னாடி கேள்விப்பட்டிருக்கீங்களா?"

அவர் என்ன சொல்கிறாரோ அதைக் காது கொடுத்துக் கேளுங்கள். தெரியாது என்பார், அல்லது பக்கத்து வீட்டில் யாருக்கோ என்னவோ ஆனது என்பார். பிறகு, "எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லட்டுமா?" இது வெறும் மரியாதைக்குக் கேட்பதல்ல. சரி என்று அவர் சொன்னால் அந்தப் பேச்சு அவருடையதும் ஆகிவிடுகிறது. பிறகு இரண்டே விஷயம் சொல்லுங்கள், அவருடைய உடம்போடு சேர்த்து: "உங்களுக்கு சுகர் இருக்கறதால ஃப்ளூ வந்தா சுகரும் எகிறும், நெஞ்சுச் சளியும் நிமோனியாவா மாற வாய்ப்பு ஜாஸ்தி. ஊசி போட்டா ஃப்ளூ வரவே வராதுன்னு சொல்ல மாட்டேன். வந்தாலும் ஆஸ்பத்திரியில படுக்கற அளவுக்குப் போறது குறையும்." கடைசியில் மறுபடியும் கேள்வி: "நீங்க என்ன நினைக்கிறீங்க?"

கேட்டு, சொல்லி, மறுபடி கேட்டு. இரண்டு நிமிடத்தில் முடிகிற வேலை இது.

எவ்வளவு பாதுகாப்பு என்று சிலர் எண் கேட்பார்கள். ஊசியில் உள்ள வகையும் ஊரில் சுற்றுகிற வகையும் நன்றாகப் பொருந்திய வருஷங்களில், டாக்டரிடம் போகும் அளவுக்கு ஃப்ளூ வருகிற வாய்ப்பு 40 முதல் 60 சதவீதம் வரை குறைகிறது. பொருந்தாத வருஷத்தில் இன்னும் குறைவு. இதை மறைக்க வேண்டியதில்லை. 'நூறு சதம் கியாரண்டி' என்று சொல்லிப் போட்டுவிட்டு அவருக்குக் கார்த்திகையில் காய்ச்சல் வந்தால் அதன் பிறகு எந்த ஊசிக்கும் அவர் கை நீட்டமாட்டார். டெங்கு, கொரோனா, சாதாரணச் சளி எதையும் இது தடுக்காது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நிமோனியா ஊசி வேறு, இது வேறு. பலரும் இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள்.

கூட வந்தவர் பேசும்போது

எனக்கு இன்றைக்கும் கஷ்டமான இடம் இதுதான். அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பையன் நின்றுகொண்டு, "போட்டு விட்ருங்க சிஸ்டர், பில்லு நான் கட்டுறேன்" என்பார். அம்மா முந்தானை நுனியைத் திருகிக்கொண்டு தரையைப் பார்ப்பார். இல்லையென்றால் தலைகீழாக நடக்கும்: மருமகள் போட்டுக்கொள்ளத் தயார், மாமியார் "மாசமா இருக்கிறவளுக்கு எதுக்கு ஊசி மேல ஊசி?" என்பார்.

பையனிடம் சண்டை வேண்டாம். "சரிங்க தம்பி" என்று சொல்லிவிட்டு, உங்கள் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி அம்மா முகம் தெரியும்படி உட்காருங்கள். "அம்மா, உங்க கைதானே, நீங்க சொல்லுங்க. போட்டுக்கலாமா, இன்னொரு நாள் பார்க்கலாமா?" சில அம்மாக்கள் "அவன் சொன்னா சரிதான்" என்பார்கள். மகனை நம்பி விடுவதும் அவர் முடிவுதான், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் முகம் சுருங்கியிருந்தால் இன்னொரு முறை கேளுங்கள். ஒரு பாட்டி இப்படிக் கேட்ட பிறகுதான் வாயைத் திறந்தார். ஊசிக்குப் பயமில்லை, கொரோனா ஊசி போட்ட மூன்றாம் நாள் தங்கை இறந்துபோனதை மனதில் வைத்திருந்தார். பையனுக்கே அது தெரியாது.

கர்ப்பிணி விஷயத்தில் மாமியாரை எதிரியாக்காதீர்கள். அவருக்கும் பேரக்குழந்தைதான் கவலை. "பொறக்கிற பிள்ளைக்கு ஆறு மாசம் வரைக்கும் இந்த ஊசி போட முடியாதும்மா. அம்மா இப்ப போட்டுக்கிட்டா அந்த எதிர்ப்புச் சக்தி வயித்துக்குள்ளேயே பிள்ளைக்குப் போகும்" என்று இருவரையும் பார்த்துச் சொல்லுங்கள். கர்ப்ப காலத்தில் எந்த மாதத்திலும் போடலாம், கொல்லப்பட்ட வைரஸ் ஊசியாக இருந்தால். மூக்கில் தெளிக்கிற, உயிருள்ள வைரஸ் சேர்ந்த மருந்து அவர்களுக்குக் கூடாது. முடிவு அந்தப் பெண்ணுடையது. மாமியார் வெளியே போன நேரத்தில் ஒரு வார்த்தை தனியாகக் கேட்க முடிந்தால் கேட்டுவிடுங்கள்.

அடிக்கடி வருகிற சந்தேகங்கள்

"போன தடவை போட்டதுமே காய்ச்சல் வந்துச்சே?" முதலில் நம்புங்கள். வந்திருக்கும். கைவலி, உடம்புவலி, லேசான காய்ச்சல் ஓரிரு நாள் இருக்கலாம். ஊசியில் இருப்பது செத்த வைரஸ், அதனால் ஃப்ளூ வராது. மழைக்காலத்தில் போடுவதால் ஏற்கெனவே உடம்புக்குள் நுழைந்த வேறு காய்ச்சலும் அந்த வாரத்தில் தலை காட்டலாம். 'அதெல்லாம் வராது' என்று அடித்துச் சொன்னால் அவர் அனுபவத்தைப் பொய் என்று சொன்னதாகிவிடும்.

"முட்டையில செய்யறதாமே?" சுத்த சைவக்காரர்கள் கேட்பார்கள். இங்கே கிடைக்கிற பெரும்பாலான ஃப்ளூ ஊசிகளுக்கான வைரஸைக் கோழி முட்டையில் வளர்க்கிறார்கள், பிறகு கொன்று சுத்திகரிக்கிறார்கள், மிகமிகச் சிறிய அளவில் முட்டைப் புரதம் மிஞ்சலாம். இதை ஒளிக்கக் கூடாது. ஒரு மாமி நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "மருந்துன்னா தோஷமில்லை, ஆத்துல கேட்டுண்டு வரேன்" என்று போனார். மறு வாரம் வந்து போட்டுக்கொண்டார். வராமல் போயிருந்தாலும் நான் சொன்னது சரிதான். முட்டை அலர்ஜி என்பது வேறு கேள்வி. இன்றைய பரிந்துரைகளில் அது தடை இல்லை, ஆனால் டாக்டருக்குச் சொல்லிவிட்டுப் போடுங்கள்.

"நிலவேம்புக் கஷாயம் குடிக்கிறேனே, போதாதா?" சிரிக்காதீர்கள். அரசு ஆஸ்பத்திரியிலேயே வாளி வைத்து ஊற்றிக் கொடுத்த கஷாயம் அது. "குடிக்கறதை நான் வேணாம்னு சொல்லலை. ஆனா அது இந்த ஊசி செய்யற வேலையைச் செய்யாது" என்றால் போதும். சர்க்கரை மாத்திரையோடு என்னென்ன குடிக்கிறார் என்பதை மட்டும் சீட்டில் குறித்து டாக்டருக்குக் காட்டுங்கள்.

"கொரோனா ஊசி போட்டு எத்தனை பேர் போயிட்டாங்க!" இதில்தான் புது நர்ஸ்கள் தடுமாறுவார்கள். வாட்ஸாப் செய்தியோடு வாதாடி ஜெயித்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை. "உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாருக்காவது ஆச்சா?" என்று கேளுங்கள். ஆகியிருந்தால் அந்தக் கதையை முழுசாகக் கேளுங்கள். பிறகு, இது வேறு ஊசி, ஃப்ளூ ஊசி 1940களிலிருந்தே மக்களுக்குப் போடப்பட்டு வருவது என்று சொல்லுங்கள். அவ்வளவுதான். உங்களுக்கு விடை தெரியாததைக் கேட்டால் "டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்று எழுந்து போய்க் கேட்டு வாருங்கள். அப்படி எழுந்து போவதைப் பார்த்தே சிலர் மனம் மாறுகிறார்கள்.

"பணம் இல்லை" என்று நேராகச் சொல்பவர் குறைவு. "யோசிச்சுச் சொல்றேன்" என்பதற்குள் அது ஒளிந்திருக்கும். விலையை நீங்களே முதலில் சொல்லிவிட்டால் அவர் கூச்சப்பட வேண்டியிருக்காது.

வேண்டாம் என்றால்

"ஏன்னு தெரிஞ்சுக்கலாமா?" என்று ஒரு முறை கேட்கலாம். பதில் சொன்னால் தெரிந்ததைச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால், அல்லது சொன்ன பிறகும் வேண்டாம் என்றால், "சரிங்கம்மா. எப்ப மனசு மாறினாலும், சந்தேகம் வந்தாலும் கேளுங்க" என்று சொல்லி அடுத்த வேலையைப் பாருங்கள்.

அவருக்கு அந்த உரிமை இருக்கிறது. கொரோனா தடுப்பூசி வழக்கில் 2022 மே 2 அன்று உச்ச நீதிமன்றம், யாரையும் தடுப்பூசி போட்டுக்கொள்ளக் கட்டாயப்படுத்த முடியாது, அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமைக்குள் ஒருவர் உடம்பின் மேல் அவருக்குள்ள உரிமையும் அடங்கும் என்று சொன்னது. ஊரே பயந்து கிடந்த கொரோனாவுக்கே அப்படி என்றால் ஃப்ளூ ஊசிக்குக் கேட்கவே வேண்டாம்.

வாயால் சரி என்று சொல்லிவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதும் வற்புறுத்தல்தான். சீட்டைத் தள்ளிப் போடுவது, அடுத்த டோக்கனைச் சத்தமாகக் கூப்பிடுவது, 'கேட்கமாட்டேங்கிறாங்க' என்று பக்கத்து சிஸ்டரிடம் கண் ஜாடை காட்டுவது, எல்லாம் அவருக்குத் தெரியும். இந்த மாதம் இத்தனை ஊசி போட வேண்டும் என்று மேலிருந்து கணக்கு வந்தால் அது உங்கள் முகத்தில் தெரியக் கூடாது. அந்தக் கணக்கைப் பற்றி மீட்டிங்கில் பேசுங்கள், நோயாளியின் முன்னால் அதைச் சுமக்காதீர்கள்.

வேண்டாம் என்றவருக்குத்தான் அடுத்த தகவல் அதிகம் தேவை. மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், புத்தி தடுமாறினால் உடனே வரச் சொல்லுங்கள். சர்க்கரை உள்ளவரென்றால் காய்ச்சல் வந்த முதல் இரண்டு நாளுக்குள் காட்டச் சொல்லுங்கள். ஃப்ளூவுக்கான ஒசெல்டமிவிர் மாத்திரையை 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம். சாப்பிட முடியாத நாளில் சர்க்கரை மாத்திரையையும் இன்சுலினையும் தாங்களே நிறுத்தாமல் போன் செய்து கேட்கச் சொல்லி, ஓபி எண்ணைச் சீட்டின் பின்னால் எழுதிக் கொடுங்கள்.

சரி என்றால்

இது உங்களுக்குத் தெரிந்த வேலை, வேகமாகச் சொல்கிறேன். டாக்டர் எழுத்து இருக்கிறதா, பெயர், அலர்ஜி, இன்றைய காய்ச்சல் பாருங்கள். 2 முதல் 8 டிகிரியில் இருந்த ஊசியா? உறைந்துபோனதைப் போடக் கூடாது. பெரியவர்களுக்கு வழக்கமாக 0.5 மில்லி, மேல் கைத் தசையில். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இரண்டு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள், தேய்க்காதீர்கள். குழந்தைகளுக்கு முதல் வருஷம் இரண்டு டோஸ் தேவைப்படலாம், அதைக் குழந்தை டாக்டரிடம் கேளுங்கள்.

போட்ட பிறகு அரை மணி நேரம் உங்கள் கண்ணில் படுகிற இடத்தில் உட்கார வையுங்கள். கடுமையான அலர்ஜி வந்தால் உடனே போடுவதற்கான அட்ரினலின் ஆம்பியூல் ட்ரேயில் இருக்கிறதா, காலாவதி ஆகாமல் இருக்கிறதா என்று ஊசியைத் திறக்கும் முன்பே பாருங்கள். பஸ்ஸைப் பிடிக்கணும் என்று அவசரப்படுகிறவரிடம் போடும் முன்பே சொல்லிவிடுங்கள், நேரமில்லை என்றால் இன்னொரு நாள் வரட்டும்.

எழுதி வைப்பது

போட்டால் தேதி, பிராண்ட், பேட்ச் எண், எந்தக் கை. போடாவிட்டால்தான் பலர் ஒன்றும் எழுதுவதில்லை, அல்லது 'மறுத்துவிட்டார்' என்று ஒரு சொல்லோடு நிறுத்திவிடுகிறார்கள். அடுத்து வருகிற நர்ஸுக்கு அதில் ஒன்றும் புரியாது. நான் எழுதுவது இப்படி: 'ஃப்ளூ ஊசி பற்றி விளக்கப்பட்டது. இப்போதைக்கு வேண்டாம் என்கிறார். தங்கையின் மரணம் பற்றிய பயம். அபாய அறிகுறிகள் சொல்லப்பட்டன. அவராகக் கேட்டால் பேசவும்.'

அந்தக் கடைசி வாக்கியத்தை மறக்காதீர்கள். அது இல்லையென்றால் என்ன நடக்கும் என்றால், டாக்டர் ஒரு முறை கேட்பார், நீங்கள் கேட்பீர்கள், டயட்டீஷியன் கேட்பார், மாத்திரை வாங்கப் போன இடத்தில் ஃபார்மசி பையனும் "ஊசி போடலையாம்மா?" என்பான். ஒரே காலைப் பொழுதில் நாலு பேர். ஒவ்வொருவரும் அன்பாகத்தான் கேட்டிருப்பார்கள். அதனால் வேண்டாம் என்றவரின் சீட்டில் ஒரு மூலையில் சின்னதாக 'பேசியாச்சு' என்று எழுதி வட்டம் போட்டு அனுப்புகிறேன். எங்கள் ஓபியில் அந்த வட்டத்தைப் பார்த்தால் யாரும் மறுபடி கேட்பதில்லை.